ஆற்று மணலில் பொன்

சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் எனப் பொன்னை நால்வகையாகப் பகுத்தனர் நம் முன்னோர். மதுரைக் கடைவீதியைக் காட்டும் சிலப்பதிகாரமும் இந்நான்கையும் குறிப்பிடுகின்றது. இவற்றுள் சாம்பூநதம் என்பது சம்பு என்னும் ஆற்றின் பெயரால் அமைந்தது. ஆற்றில் பொன் கிடைக்கும் என்பது அத்துணைப் பழமையான செய்தி.

ஆயினும் எந்த ஆறும் பொன்னை உண்டாக்குவதில்லை; மலையில் பிறந்த பொன்னைச் சேர்த்து வைப்பதே ஆற்றின் வேலை. அதனை ஆறு எவ்வாறு சேர்க்கிறது? மனிதன் எவ்வாறு எடுக்கிறான்? எடுக்கும்போது ஆற்றுக்கு என்ன நேர்கிறது? இவ்வினாக்களுக்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து ஆறுகள் தெளிவான விடை தருகின்றன.

பொன் வந்த வழி

சியரா நெவாடா மலைத்தொடரில் குவார்ட்சு என்னும் வெண்ணிறப் பாறை பல இடங்களில் நரம்புபோல் ஓடுகிறது. அதனுள்ளே பொன் இழையோடிக் கிடக்கும். வெயிலும் மழையும் பனியும் பல இலட்சம் ஆண்டுகள் தாக்கப் பாறை சிதைகிறது. பொன் துகள்கள் விடுபடுகின்றன. பொன் துருப்பிடிப்பதில்லை, நீரில் கரைவதுமில்லை. எனவே வெள்ளம் அதனை அப்படியே உருட்டிக்கொண்டு வருகிறது.

மணலின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 2.65, தூய பொன்னின் ஒப்படர்த்தி 19.3. அதாவது ஒரு கரண்டி மணலைவிட ஒரு கரண்டிப் பொன் ஏழு மடங்கு கனமானது. நீருக்குள் இவ்வேறுபாடு இன்னும் மிகுகின்றது. ஆர்க்கிமிடீசு தத்துவப்படி இரண்டிலும் நீரின் எடையாகிய 1 குறையும், எஞ்சுவன 1.65உம் 18.3உம். இப்போது பொன் பதினொரு மடங்கு கனம்! எனவே ஓட்டம் தளரும் இடத்தில் முதலில் கீழே விழுவது பொன்தான். ஆற்று வளைவின் உட்பக்கம், பெரும்பாறையின் பின்புறம், அடிப்பாறையின் வெடிப்புகள், கரைப் புல்லின் வேர்கள் ஆகியவை பொன் தங்கும் இடங்கள். தேடுவோர் முதலில் நாடுவதும் இவற்றைத்தான்.

அரிக்கஞ்சட்டி போன்ற சட்டி

பொன் எடுக்கும் முறை நம் வீட்டுப் பெண்களுக்குப் புதியதன்று. உட்புறம் வரிவரியாகப் பள்ளமிட்ட அரிக்கஞ்சட்டியில் அரிசியை இட்டு, நீரூற்றிச் சுழற்றுவர். அரிசி நீரோடு அடுத்த பாத்திரத்துக்குப் போகும். கல் வரிகளில் தங்கிவிடும். கனமானது தங்கும், இலேசானது போகும் என்பதே இதன் சூத்திரம். பொன் தேடுவோர் வைத்திருப்பதும் ஓரத்தில் வரிகளைக் கொண்ட அகன்ற சட்டிதான். அரிசிக்காரி தங்கியதை எறிந்துவிட்டுப் போனதை வைத்துக்கொள்கிறாள். பொன்காரன் போனதை விட்டுவிட்டுத் தங்கியதை வைத்துக்கொள்கிறான். இருவருக்கும் வேறுபாடு இவ்வளவே.

மணலைச் சட்டியில் நிரப்பி, நீருக்குள் அமிழ்த்தி, பக்கவாட்டில் நன்கு குலுக்க வேண்டும். பொன் அடிக்குப் போகும். பிறகு சட்டியைச் சற்றே சாய்த்து மேல் மணலைச் சிறிது சிறிதாக நீரோடு வழியவிட வேண்டும். இறுதியில் இரும்புத்தாது கலந்த கருமணல் எஞ்சும். அதன் ஓரத்தில் மஞ்சள் கோடாகப் பொற்பொடி தெரியும். அவசரப்பட்டால் பொன்னும் மணலோடு போய்விடும்.

மின்னுவதெல்லாம் பொன்னன்று. காக்காய்ப்பொன் வெயிலில் பளபளக்கும், நிழலில் மங்கும். பொன் நிழலிலும் ஒரே நிறம் காட்டும். ஊசியால் அழுத்தினால் பொன் தட்டையாகும். மஞ்சள் நிறக் கந்தகக் கல் நொறுங்கும்.

மலையைக் கரைத்த பேராசை

1848 சனவரி 24ஆம் நாள், அமெரிக்கன் ஆற்றங்கரையில் கொலோமா என்னும் இடத்தில் மரமறுக்கும் ஆலை கட்டிக்கொண்டிருந்த ஜேம்ஸ் மார்ஷல் என்பவர் வாய்க்காலில் பொன்துணுக்குகளைக் கண்டார். செய்தி பரவிச் சில ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் திரண்டனர். அம்மண்ணின் பழங்குடி மக்களோ நிலத்தையும் உயிரையும் இழந்தனர். தொடக்கத்தில் வந்தவர்களின் கருவி சட்டியே. ஆற்றோரப் பொன் அருகியதும் ஆசை பெருகியது. 1853 முதல் பெருங்குழாய்களால் நீரைப் பீய்ச்சி மலைச் சரிவுகளையே கரைக்கத் தொடங்கினர். கரைந்த சேறு யூபா முதலிய ஆறுகளை மேடாக்கிற்று. வெள்ளம் கரைபுரண்டு கீழ்ச் சமவெளியின் வயல்களை மூடிற்று. உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். 1884இல் நீதிபதி லாரன்சோ சாயர், சேற்றை ஆற்றில் விடக்கூடாதெனத் தீர்ப்பளித்தார். அத்துடன் மலை கரைக்கும் தொழில் பெரும்பாலும் ஒடுங்கியது.

சேற்றைவிடக் கொடியது கண்ணுக்குத் தெரியாமல் தங்கியது. பாதரசம் பொன்னைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. எனவே மணல் ஓடும் மரக்கால்வாய்களில் அதனைத் தாராளமாக ஊற்றினர். அதில் ஒரு பகுதி ஆற்றோடு போயிற்று. அவ்வாறு இழந்த பாதரசம் சுமார் ஒரு கோடி பவுண்டு என மதிப்பிடப்பட்டுள்ளது. அதன் ஒப்படர்த்தி 13.6. எந்த இயற்கை விதி பொன்னை ஆற்றடியில் நிறுத்தியதோ, அதே விதி இந்நஞ்சையும் அங்கேயே நிறுத்திவிட்டது! நுண்ணுயிர்கள் இதனை மெதில் பாதரசமாக மாற்றுகின்றன. அது மீனில் சேர்கிறது. மீனை உண்பவரின் நரம்பு மண்டலத்தைத் தாக்குகிறது. அங்குள்ள சில நீர்நிலைகளில் எந்த மீனை எவ்வளவு உண்ணலாம் என இன்றும் அறிவுரை வழங்குகின்றனர். பாட்டன் எடுத்த பொன்னுக்குப் பேரன் வட்டி கட்டுகிறான்.

இன்றைய பொழுதுபோக்கு

இன்று கொலோமாவில் மார்ஷலின் நினைவாக அரசுப் பூங்கா உள்ளது. அங்கே குறிப்பிட்ட பகுதியில் பொதுமக்கள் பொன் அரிக்கலாம்; கைகளும் சட்டியும் மட்டுமே கருவிகள். ஆற்றடியை உறிஞ்சும் இயந்திரங்களுக்குக் கலிபோர்னியா 2009இல் தடை விதித்தது. அடியில் கிடக்கும் பாதரசத்தை அவை கிளறுவதும், மீன் முட்டையிடும் இடங்களைக் குலைப்பதும் அதற்குக் காரணங்கள்.

இன்றும் சட்டியில் வெள்ளி நிறப் பாதரசத் துளி தென்படுவதுண்டு. பொன் துகளே வெண்மை பூசியும் கிடைக்கும். அதனை வெறுங்கையால் தொடலாகாது. ஆற்றில் திரும்ப எறியலாகாது. பாதரசம் போகட்டும் என்று வீட்டு அடுப்பில் சுடவே கூடாது. எழும் ஆவி கொடிய நஞ்சு.

நம் நீலகிரி மாவட்டத்துத் தேவாலா, பந்தலூர்ப் பகுதிகளிலும் 1880ஐ ஒட்டிப் பொன்வேட்டை நிகழ்ந்தது. இலண்டனில் கும்பினிகள் பல முளைத்துச் சில ஆண்டுகளிலேயே சரிந்தன. கலிபோர்னியாவில் பொழுதுபோக்கு என்பதால் இங்கும் யாரும் மண்வெட்டியோடு கிளம்பிவிட முடியாது. 1957ஆம் ஆண்டுச் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டப்படி அனுமதியின்றிக் கனிமம் எடுப்பது குற்றமாகும்.

நாள் முழுதும் அரித்தாலும் பொழுதுபோக்காளருக்குக் கிடைப்பது பெரும்பாலும் சிறு குப்பியின் அடியை மறைக்கும் பொடிதான். அதனால் யாரும் செல்வராவதில்லை. ஆனால் அவர் கலக்கிய நீர் சிறிது நேரத்தில் தெளிந்துவிடுகிறது. மலை கரைத்தவர்கள் கலக்கிய ஆறோ நூற்றைம்பது ஆண்டுகளாகியும் தெளியவில்லை. ஆறு தருவதை அள்ளும் அளவு நம் கையின் அளவாக இருக்கும்வரை ஆற்றுக்குக் கேடில்லை. பொன்னுக்கு மட்டுமா? நாள்தோறும் நம் ஆறுகளில் மணல் அள்ளும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய உண்மை இது.