வீட்டாரே பயிற்சி கொடுத்தால் போதுமா?



"மிஷன் ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி எதற்கு? நோயாளியைக் கவனித்தால் போதாதா?" என்று சபைகளில் சிலர் எங்களிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. பக்கவாத நோயாளிகளிடையே நடந்த ஓர் ஆராய்ச்சியை எடுத்துச் சொல்லி, அதற்குப் பதில் கூற விரும்புகிறோம்.

பக்கவாதம் வந்தவர் உயிர் தப்பியதோடு பாடு முடிவதில்லை. எழுந்து உட்காரவும், நடக்கவும், தன் கையால் சோறு பிசைந்து உண்ணவும் அவர் மறுபடியும் கற்றுக்கொள்ள வேண்டும். இதற்குப் பல வாரப் பயிற்சி தேவை. ஆனால் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்டுகள் பெரும்பாலும் நகரங்களில்தான் இருக்கிறார்கள். கிராமத்துக் குடும்பமோ சில நாட்களில் நோயாளியை வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிடுகிறது. அதன்பின் மனைவியோ மகளோ மருமகளோதான் அவருக்கு எல்லாம்.

அப்படியானால் வீட்டாருக்கே பயிற்சிமுறையைக் கற்றுக்கொடுத்துவிட்டால் என்ன? செலவு குறைவு, அன்பும் உண்டு. கேட்கிற எவருக்கும் இது நல்ல யோசனையாகவே தோன்றும்.

அது உண்மையில் நன்மை செய்கிறதா என்று அறிய, 2014 முதல் 2016 வரை இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 'அட்டெண்ட்' என்ற ஆராய்ச்சி நடந்தது. லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இதில் முக்கியப் பங்கு வகித்தது. 1,250 நோயாளிகள் சீட்டுப் போடுவதுபோல் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். மருத்துவர் தாமே தெரிந்தெடுத்தால், தேறிவிடுவார் என்று தோன்றுகிறவர்களையே புதிய முறைக்கு அனுப்பிவிடக்கூடும் அல்லவா? ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. மற்றப் பிரிவில், அதோடுகூட வீட்டாருக்கு மருத்துவமனையிலேயே பயிற்சி தந்து, பின்பு இரண்டு மாதம் வீட்டிலும் தொடர்ந்தார்கள். ஆறு மாதம் கழித்து, யார் எந்தப் பிரிவு என்று அறியாதவர்கள் நோயாளிகளின் நிலையைக் கணித்தார்கள்.

2017-இல் முடிவு வெளியானது. இரு பிரிவிலும் 47 சதவீதம் பேர் மரித்திருந்தார்கள், அல்லது பிறர் கையை எதிர்பார்த்தே வாழ்ந்தார்கள். வித்தியாசமே இல்லை.

வீட்டாரின் அன்பு வீண் என்று இதற்குப் பொருளல்ல. கவனிக்க ஒருவர் உள்ள நோயாளிகளே இரு பிரிவிலும் இருந்தார்கள். தேர்ந்தவர் செய்யவேண்டிய வேலையை ஏற்கெனவே களைத்திருக்கும் ஒரு மனைவியின் தோளில் ஏற்றிவிட்டு, நம் கடமை முடிந்தது என்று இருக்கலாகாது என்பதே பாடம். இந்த ஆராய்ச்சி நடக்காதிருந்தால், இத்தகைய திட்டத்துக்கு ஊரெங்கும் பணம் செலவாகியிருக்கும். நோயாளிக்கோ கூடுதல் பலன் இராது.

சில நேரம் நல்லெண்ணம் தீங்கும் செய்யும். 5 நாடுகளில் 2,104 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே அடிக்கடி எழுப்பி நடமாட வைக்கப்பட்டவர்களில் 46 சதவீதம் பேர் நன்கு தேறினார்கள். வழக்கமான முறையிலோ 50 சதவீதம் பேர் தேறினார்கள்.

நல்ல சமாரியன் காயம் கட்டியதோடு நிற்கவில்லை. திரும்பி வருவதாகச் சொல்லிப்போனான். ஆராய்ச்சி என்பதும் அவ்வாறு திரும்பி வந்து பார்ப்பதுதான். நாம் செய்த உதவி உதவிற்றா என்று உண்மையோடு விசாரிக்கவும், "இல்லை" என்ற பதிலையும் தாழ்மையோடு ஏற்கவும் எங்களுக்காக ஜெபியுங்கள். வீடுகளில் நோயாளிகளைத் தாங்கும் சகோதரிகளையும் உங்கள் ஜெபத்தில் மறவாதிருங்கள்.