சுடுகாட்டு மல்லி தந்த மருந்து

எங்கள் சாந்தன்பாறையில் லயன் வீடுகளுக்கு முன்னால் பழைய டின்களில் வளரும் அந்த ஐந்திதழ்ப் பூவைத் தெரியாதவர் இல்லை. நாம் சுடுகாட்டு மல்லி என்போம். மலையாளிகள் சவநாறி என்பார்கள். சற்று மரியாதையாக அழைப்பவர்களுக்கு நித்தியகல்யாணி. இந்தச் செடியிலிருந்து எடுத்த மருந்துதான் உலகெங்கும் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு இன்றும் ஏற்றப்படுகிறது.

அன்பர்களே, இலையை அரைத்துக் குடித்தால் போதும், ஆஸ்பத்திரி எதற்கு என்று ஏலக்காட்டில் பேசிக்கொள்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆகவேதான் இதைச் சற்று விளக்கமாக எழுதுகிறேன்.

தேடியது வேறு, கிடைத்தது வேறு. ஜமைக்காவில் சர்க்கரை வியாதிக்கு இந்த இலையைக் கஷாயமாகக் குடிப்பார்கள். 1952ல் அங்கிருந்து ஓர் உறையில் வந்த இலைகள், கனடாவில் டாக்டர் ராபர்ட் நோபிள் என்பவரிடம் சேர்ந்தன. எலிகளுக்குச் சாற்றை வாய்வழி கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தச் சர்க்கரை இறங்கவில்லை. ஊசியாகப் போட்டபோது எலிகள் கிருமி தாக்கி இறந்தன. வேறொருவராயிருந்தால் அத்தோடு விட்டிருப்பார். இவர்கள் ஏன் என்று பார்த்தார்கள். வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன, எலும்பு மஜ்ஜை ஒடுங்கியிருந்தது. வெள்ளை அணுக்கள் கட்டுமீறிப் பெருகுவதுதானே இரத்தப் புற்று! வேதியியல் அறிஞர் சார்லஸ் பீர் துணையுடன் வின்பிளாஸ்டின் பிரித்தெடுக்கப்பட்டு, 1958ல் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதன் உடன்பிறப்பான வின்கிரிஸ்டினுக்கு 1963ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, உள்ளே நூலிழை போன்ற நுண்குழாய்கள் உருவாகி, குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும். இம்மருந்துகள் அந்த இழைகளைக் கட்டவிடுவதில்லை. செல் பாதியில் நின்று மடிகிறது. ஓயாமல் பிரியும் புற்றுச் செல்லுக்கு அடி பலமாக விழும். ஆனால் நல்ல செல்லும் தப்பாது. வின்கிரிஸ்டின் நரம்பைத் தாக்கி விரல்களை மரக்கச் செய்யும். அதனால்தான் உடலின் பரப்பளவைக் கணக்கிட்டு, மில்லிகிராமில் அளந்து, இரத்தக் குழாயில் மட்டுமே ஏற்றுகிறார்கள். தண்டுவடத்தில் ஏறினால் உயிருக்கே முடிவு. அரைத்த இலையில் எது எவ்வளவு என்று யார் அளப்பது? ஏற்கெனவே சிகிச்சையில் வெள்ளை அணு குறைந்து கிடப்பவர் அதைக் குடித்தால், எலிக்கு நேர்ந்தது நேரலாம்.

மஞ்சளைப் பற்றியும் கேட்பீர்கள். நம் கேரளத்திலேயே, திருச்சூர் அமலா ஆராய்ச்சி நிலையத்தின் டாக்டர் ராமதாசன் குட்டனும் குழுவினரும் 1985ல் மஞ்சளுக்குப் புற்று எதிர்ப்புத் தன்மை இருப்பதை ஆய்வகத்தில் காட்டினார்கள். 1987ல் வெளிப்புறப் புற்றுப் புண்களில் பூசிப் பார்த்ததில், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு நாற்றம் குறைந்தது; புண் சுருங்கியது பத்துப் பேருக்குத்தான். உள்ளே சாப்பிட்டால் மிகச் சிறிதளவே இரத்தத்தில் சேருகிறது. எனவே குழம்பில் போடுங்கள், மருந்தென்று நம்பி இராதீர்கள்.

நித்தியகல்யாணிக்கும் ஒரு சங்கடம் உண்டு. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். தமிழ்நாட்டின் தென்மாவட்டக் கரிசல், செம்மண் நிலங்களில் இதைப் பயிரிடுவது இதற்காகத்தான். 2022ல் டென்மார்க் விஞ்ஞானிகள் ரொட்டிக்கு இடும் ஈஸ்ட்டின் மரபணுக்களை மாற்றி, இம்மருந்தின் இரு மூலப்பொருள்களையும் அதிலேயே விளைவித்து, பிறகு இணைத்து வின்பிளாஸ்டினாக்கிக் காட்டிவிட்டார்கள், இலையே இல்லாமல்.