கடற்காற்றும் கறளும்: தீவகத்துப் பழைய மோட்டார் வண்டிகளைப் பேணுதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே அறுபது ஆண்டு கடந்த மோட்டார் வண்டிகள் இன்றும் தெருவில் ஓடக் காண்கிறோம். ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் என்பன அவற்றுள் யாவரும் அறிந்தவை. இவை இத்துணைக் காலம் நிலைத்தமைக்கு உரியவரின் பற்று மட்டுங் காரணமன்று. 1960களின் தொடக்கத்திலே அந்நியச் செலாவணி நெருக்கடியால் வண்டிகளின் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் பொருளாதாரந் திறக்கப்படும் வரை புதுவண்டி பெறுதல் அரிதாயிற்று. பின்னர் 1990 முதல் போரும் பொருட்டடையும் வந்து சேர்ந்தன. இருந்ததைப் பேணுவதன்றி வேறு வழி இல்லாமையால் பேணுங் கலை வளர்ந்தது.

ஆயினும் பண்ணைத் தாம்போதியைக் கடந்து வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறைப் பக்கஞ் செல்லும்போது இக்கலைக்கு ஒரு கடுஞ்சோதனை காத்திருக்கிறது. உள்நாட்டு ஊர்களில் வண்டியின் எந்திரம் தேய்ந்து, உடல் எஞ்சும். தீவகத்திலோ எந்திரம் இனிது ஓடிக்கொண்டிருக்க, உடல் உதிர்ந்து போகும். நூல்கள் ‘துரு’ என்றும் நம்மவர் ‘கறள்’ என்றும் கூறும் பகையின் தொழிலே இது. இப்பகை எங்கே மறைந்திருந்து வேலை செய்கிறது என்பதை அறியாமல், வெளியே தெரியும் இடத்துக்கு மட்டும் வர்ணம் பூசி மகிழ்வோர் பலர். கண்ணுக்குத் தெரியுங் கறள் வண்டியின் அழகைக் கெடுக்கும். தெரியாத கறளே உயிருக்கு இடர் விளைக்கும். இவ்வேறுபாட்டை விளக்குதலே இக்கட்டுரையின் கருத்து.

இரும்பு, ஒட்சிசன், நீர் ஆகிய மூன்றுஞ் சேர்ந்தாற் கறள் தோன்றும் என்பது கீழ்வகுப்பு மாணவரும் அறிந்த செய்தி. உப்பு இம்மூன்றினுள் ஒன்றன்று. எனினும் இம்மூன்றையும் விரைந்து தொழிற்படுத்தும் தூதுவன் அதுவே. உப்புக் கரைந்த நீர் மின்னை நன்கு கடத்துமாதலின், ஒரே தகட்டின் ஒரு பகுதி அனோட்டாகவும் மற்றொரு பகுதி கதோட்டாகவும் அமைந்து, சிறியதொரு மின்கலம் போல அங்கே வேலை நடைபெறும். அனோட்டான பகுதியிலே இரும்பு கரையும். இதனினும் கொடிய குணம் ஒன்று கடலுப்புக்கு உண்டு. தூய சோடியங்குளோரைட்டு, காற்றின் சாரீரப்பதன் நூற்றுக்கு 75 அளவை அடைந்தாலன்றி ஈரமாகாது. கடலுப்பிற் கலந்துள்ள மகனீசியங்குளோரைட்டோ நூற்றுக்கு 33 அளவிலேயே காற்றின் ஈரத்தை உறிஞ்சி நீராகிவிடும். தீவகத்துக் காற்று அவ்வளவுக்கு உலர்வது ஏறக்குறைய இல்லை எனலாம். ஆகவே சோளகக் காற்று வீசும் மாதங்களில் மழை ஒரு துளியேனும் விழாதிருப்பினும், கடற்றிவலை படிந்த தகடு இரவும் பகலும் நனைந்தே இருக்கிறது. “மழையில் விடவில்லையே, ஏன் கறள் பிடித்தது?” என்று வினவுவார்க்கு விடை இதுவாகும்.

தில்லியிலுள்ள இரும்புத் தூண் ஏறக்குறைய 1600 ஆண்டு வெயிலிலும் மழையிலும் நின்றும் அழியவில்லை என்று நாம் பெருமை பேசுகிறோம். அவ்விரும்பிலுள்ள பொசுபரசு காலப்போக்கில் மேற்புறத்தே ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கியது என ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். தில்லி கடலுக்குத் தொலைவான ஊர் என்பதையும் மறத்தலாகாது. 13ஆம் நூற்றாண்டிற் கடலோரத்தே எழுந்த கோணார்க்கக் கோயிலின் இரும்பு உத்திரங்கள் கறளால் அரிப்புண்டு கிடக்கின்றன. அத்தூணை நெடுந்தீவிலே நாட்டியிருந்தால் அதன் கதி யாதாகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தல் தகும்.

காற்றுக்கு அடுத்தபடியாக நீரைக் கூறல் வேண்டும். உப்பைப் போக்க வண்டியைக் கழுவுதல் நன்று. ஆனால் எந்த நீராற் கழுவுவது? தீவகத்திலே நன்னீர்க் கிணறுகள் சிலவே, ஏனையவை உவர்க்கிணறுகள். குடிப்பதற்கு வைத்த நீரை வண்டிக்கு ஊற்றுதல் முறையன்று. உவர்நீராற் கழுவுதலோ உப்பின் மேல் உப்பைச் சேர்ப்பதாகும். வாடைமழைக் காலத்தில் ஓட்டிலிருந்து வடியும் நீரைத் தொட்டியிற் சேர்த்து வைப்போர் அதில் ஒரு பங்கை வண்டிக்கு ஒதுக்கலாம். இரசாயனம் பயிலும் மாணவர் இதனைத் தாமே சோதித்து அறியலாம். கழுவி வடிந்த நீரிற் சிறிதெடுத்து, நைத்திரிக்கமிலம் ஒரு துளி சேர்த்து, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலை விட்டாற் குளோரைட்டு உள்ளவிடத்து வெண்ணிற வீழ்படிவு தோன்றும். வடிந்த நீரில் வெண்மை தோன்றாதொழியும் வரை கழுவுதல் முற்றுப்பெறவில்லை என்பது தெளிவு.

இனிக் கறள் மறைந்துறையும் இடங்களை நோக்குவோம். கதவின் அடிவிளிம்பு, சக்கரத்தின் மேலுள்ள மட்காப்பின் உட்புறம், வாசலின் கீழாகச் செல்லும் பெட்டி வடிவான நெடுந்தகடு, தரைவிரிப்பின் அடி என்பன அவை. கதவின் அடியில் நீர் வடிதற்பொருட்டுச் சிறு துளைகள் விடப்பட்டிருக்கும். மணலும் தூசும் அத்துளைகளை அடைக்க, கதவு உப்புநீர் தேங்கும் தொட்டியாகிறது. ஒரு கம்பியால் மாதமொருமுறை அத்துளைகளைக் குத்திவிடுதல், காசு செலவின்றி வண்டியின் ஆயுளைப் பெருக்கும் முதல் வேலை. சேறு ஒட்டிய இடத்திலே ஒட்சிசன் குறைவாகையால் அங்கே கறள் பிடியாது என்று கருதுவாருமுளர். உண்மை இதற்கு மாறானது. ஒட்சிசன் குறைந்த இடமே அனோட்டாகி முதலிற் கரைகிறது.

வண்டியின் கட்டமைப்பையும் ஈண்டு அறிதல் வேண்டும். 1947 முதல் 1952 வரை வெளிவந்த ஏ-40 டெவன், அதனையடுத்து 1954 வரை வந்த ஏ-40 சொமர்செற் ஆகியவற்றுக்குத் தனியான அடிச்சட்டம் உண்டு. உடல் அதன் மேல் ஏற்றி முடுக்கப்பட்டது. வாசலடித் தகடு இற்றாலும் வண்டியைச் சட்டந் தாங்கும். 1954இல் வந்த கேம்பிறிட்ஜிலும், 1948 முதல் வந்த மொறிஸ் மைனரிலும் அவ்வாறன்று. அவற்றில் உடலே சட்டம். வாசலடிப் பெட்டித் தகடே பாரந் தாங்கும் தூண். அஃது உள்ளே இற்றுவிட்டபின் வெளியே தகடொட்டி வர்ணம் பூசுதல், கறையான் அரித்த வளைக்குச் சுண்ணாம்பு அடிப்பதை ஒக்கும். கதவைத் திறந்தவிடத்து அது முன்னைப்போலப் பொருந்தி மூடாது, சற்றே தாழ்ந்து நிற்குமாயின், பிணைச்சலைக் குறை கூறுமுன் அடித்தகட்டைத் தட்டிப் பார்த்தல் வேண்டும். நல்ல தகடு கணீரென ஒலிக்கும். இற்ற தகடு மந்தமாக ஒலிக்கும்.

எல்லாவற்றினும் முதன்மையாக நோக்கற்பாலது தடுப்புக் குழாய். பிறேக்கு மிதியிலிருந்து சக்கரங்களுக்குச் செல்லும் உருக்குக் குழாய் விரலினும் மெல்லியது. வண்டியின் அடியிலே உப்புத்தூசிக்கு நேரெதிராக ஓடுவது. இரட்டைப் பிரிவுத் தடுப்புமுறை இல்லாத அவ்வண்டிகள் பலவற்றில் ஓரிடத்திற் குழாய் வெடிப்பின் நான்கு சக்கரங்களுக்கும் தடுப்பு இல்லாதொழியும். இருபுறமும் நீர் நிற்கும் தாம்போதியிலே நோயாளியை ஏற்றிக்கொண்டு விரையும் வண்டிக்கு இது நேர்ந்தால் விளைவைக் கூறவேண்டியதில்லை. குழாயின் மேலுள்ள அழுக்கைத் துடைத்துப் பார்த்து, குழிவிழுந்த கறள் காணப்படின், உரசித் துலக்கி வர்ணம் பூசாது முழுக்குழாயையும் மாற்றிவிடல் வேண்டும். செம்பும் நிக்கலும் கலந்த குழாய் இப்போது கிடைக்கிறது; கடலோர வண்டிகளுக்கு அதுவே ஏற்றது.

தகட்டு வேலைக்கு மாசி, பங்குனி மாதங்கள் உகந்தவை. வாடை ஓய்ந்து, சோளகம் எழாத இடைக்காலம் அது. முதலிற் கழுவி உப்பைப் போக்குக. பின்னர்க் கம்பித்தூரிகையாலும் அரத்தாளாலும் வெள்ளை இரும்பு தோன்றுமளவும் தேய்க்க. உளியால் மெல்லக் குத்த உட்செல்லும் பகுதியை இரக்கமின்றி வெட்டி நீக்கி, திடமான தகடு தொடங்குமிடத்திலே புதுத்தகட்டைப் பொருத்தி ஒட்டுக. ஒட்டுவேலை தொடங்குமுன் பற்றறியைக் கழற்றுதலும் பெற்றோற் தாங்கியை அகற்றுதலும் தவிர்க்கலாகா. நுண்குழிகளில் எஞ்சிய கறளுக்குப் பொசுபோரிக்கமிலக் கரைசலைத் தடவினால் அஃது இரும்புப் பொசுபேற்றாக மாறிக் கருநிறங் கொள்ளும். அதன்பின் நாகங்கலந்த முதற்பூச்சை அன்றைக்கே பூசுதல் வேண்டும். தீவகத்திலே மாலையில் வெள்ளையாக விட்ட தகடு காலையிற் செம்மஞ்சளாய் இருக்கும். ‘புட்டி’ என வழங்கும் அடைப்புக் கலவையைத் தகட்டின் மேற் சமன்செய்ய மட்டும் பயன்படுத்துக. ஓட்டையை அடைக்க அதனைத் திணிப்போர் ஈரத்துக்கு மறைவிடம் அமைத்துக் கொடுக்கின்றனர்.

நாகம் ஏன் எனின், அஃது இரும்பினும் எளிதிற் கரைவதாகையால் தன்னை அழித்து இரும்பைக் காக்கும். சேர் ஹம்பிறி டேவி 1824இல் இந்நெறியைக் கொண்டே கப்பல்களின் செப்புத்தகட்டைக் காத்தார். செம்பு கரையாது நின்றது. ஆனாற் செம்பின் நஞ்சு நீரிற் பரவாமையாற் சிப்பியும் பாசியும் கப்பலில் அப்பிக்கொண்டன என்பது அக்கதையின் வேடிக்கையான பிற்பகுதி.

வண்டியின் அடியிற் கழிவு எந்திரவெண்ணெயைப் பூசும் பழக்கம் ஒன்று உண்டு. கறளுக்கு அது தடையே. இறப்பர் உறுப்புக்களைக் கெடுக்கும் என்பதும் உண்மையே. இவற்றினும் பெரிய குற்றம் வேறு. நம் தீவுகளில் நன்னீர், சுண்ணக்கல்லின் வெடிப்புக்களிடையே உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதப்பது. சொட்டும் எண்ணெய் அங்கே சென்று சேரும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றி 2014, 2015ஆம் ஆண்டுகளில் எழுந்த கவலையை நாம் மறக்கவில்லை. மெழுகு கலந்த காப்புப் பூச்சு விலை கூடியதெனினும் அதனையே கொள்ளல் தகும்.

எந்திரத்தைப் பற்றிச் சுருங்கக் கூறலாம். பழைய எந்திரம் தன் குறையைத் தானே சொல்லும். தீப்பொறிச் செருகியைக் கழற்றிப் பார்த்தால், முனை இளங்கபிலமாயிருப்பின் தகனம் நன்று. கரிபடிந்திருப்பின் பெற்றோல் மிகை. வெளுத்திருப்பின் காற்று மிகை. தொடுமுனைகளின் இடைவெளி அரை மில்லிமீற்றருக்கும் குறைவானது. அதனை அளக்கும் தகடொன்றும் ஒரு திருப்புளியும் இருந்தால் வீட்டு முற்றத்திலே சரிசெய்யலாம். ரேடியேற்றருக்குக் கிணற்று நீரை விடுதல் தீவகத்திற் பெரும்பிழை. உவர்நீர் உட்குழாயிலே உப்பும் சுண்ணமுமாகப் படிந்து, எந்திரத்தை உள்ளிருந்தே அரிக்கும். மழைநீரோ, கறளடக்கி கலந்த குளிர்த்தியோ விடுதல் வேண்டும்.

1990இன் பின்னர்ப் பெற்றோல் கிடையாத காலத்திற் குடாநாட்டு வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. தீவகத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தோரும் அவ்வண்டிகளிலேயே சென்றனர். சிறு போத்தலிற் காத்துவைத்த பெற்றோல் சில துளியால் எந்திரத்தைக் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். இதன் பின்னே நல்ல விஞ்ஞானம் உண்டு. மண்ணெண்ணெய் குளிரில் எளிதில் ஆவியாகாது. அமுக்கம் மிகுந்த எந்திரத்தில் உரிய காலத்துக்கு முன்னரே வெடித்து இடிக்கும். பழைய எந்திரங்களின் அமுக்கவிகிதம் ஏழை அடுத்து நின்றமையால் அவை ஒருவாறு இதனைப் பொறுத்தன. 1949இல் வந்த பெர்குசன் உழவெந்திர வகையொன்று இவ்வாறே பெற்றோலிற் கிளம்பி மண்ணெண்ணெய் வகையொன்றில் ஓடுமாறு அமைக்கப்பட்டது. எரியாத மண்ணெண்ணெய் முசலத்தின் வளையங்களைக் கடந்து கீழே எண்ணெயுடன் கலந்தது. அளவுகோலில் எண்ணெய் குறையாது ஏறுவதைக் கண்டு மகிழ்ந்தவர் விரைவில் தாங்கிகள் தேய்ந்தமையைக் கண்டனர். எண்ணெயை அடிக்கடி மாற்றியவரின் வண்டிகள் எஞ்சின. அக்காலத்து மெக்கானிக்குகளின் கைத்திறனை எவரேனும் முறையாக எழுதி வைத்தல் வேண்டும். அவர்கள் முதுமையடைகின்றனர், கணினியால் இயங்கும் இன்றைய வண்டிகள் அத்திறனை வேண்டுவனவல்ல.

ஓடும் வண்டியினும் நிற்கும் வண்டியே தீவகத்தில் இன்று மிகுதியாகப் பேணுதற்குரியது. புங்குடுதீவிலும் நயினாதீவிலும் பிறந்து இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ்வோர், தந்தையாரின் பழைய வண்டியைப் பூட்டிய கொட்டிலில் விட்டுவைத்து, கோயிற் றிருவிழாவுக்கு வருங்கால் அதனைக் கிளப்ப முயல்வதுண்டு. வந்த அன்றே திறப்பைத் திருகுதல் வேண்டா. உருளையினுள்ளே படிந்த மென்கறள் முசல வளையங்களை ஒட்டவைத்திருக்கும்; பலவந்தமாகச் சுழற்றினால் வளையம் முறியும். தீப்பொறிச் செருகிகள் நான்கையும் கழற்றி, ஒவ்வோர் உருளையிலும் ஒரு மேசைக்கரண்டி மெல்லெண்ணெய் விட்டு, இரண்டு மூன்று நாள் ஊறவிடுக. தாங்கியில் நின்று கெட்ட பெற்றோலை வடித்து, அடியிற் கறட்பொடி உளதா எனப் பார்க்க. எந்திரவெண்ணெயையும் மாற்றுக. பின்னர், செருகிகளைப் பூட்டாமலே, முன்புறத்துக் கைப்பிடியைச் செருகிக் கையினால் மெல்லச் சுற்றுக. இருமுறை தடையின்றிச் சுற்றிவந்தபின் செருகிகளைப் பூட்டிப் பற்றறியை இணைக்கலாம்.