பூ உதிர்ந்த ஆர்க்கிடைத் தூக்கி எறியாதீர்கள்

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்கிப் புத்தாண்டு வரை தில்லியில் ஆர்க்கிட் தொட்டிகள் கைமாறிக்கொண்டே இருக்கும். காஜூ கத்லி டப்பாவும் உலர்பழக் கூடையும் அலுத்துப்போனவர்கள் இப்போது வெள்ளைப் பீங்கான் தொட்டியில் வைத்த ஆர்க்கிடை அனுப்புகிறார்கள். வளைந்த பூந்தண்டில் ஏழெட்டுப் பூ, தண்டைத் தாங்க ஒரு குச்சி, தொட்டியைச் சுற்றி ரிப்பன். இரண்டு மூன்று மாதம் வாடாமல் நிற்கும். பிறகு ஒவ்வொன்றாகக் கொட்டும், தண்டும் காயும். ‘செடி செத்துப்போச்சு’ என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். பிப்ரவரி, மார்ச்சில் காலனிக்குள் வரும் குப்பை வண்டியை எட்டிப் பாருங்கள். தடித்த பச்சை இலை நான்கைந்தோடு, உயிருள்ள வேரோடு அந்தச் செடிகள் கிடக்கும்.

வயிறு எரிகிறது. ஆர்க்கிடை மறுபடி பூக்கவைப்பதற்குப் படாதபாடு பட வேண்டிய ஊர்கள் இருக்கின்றன. தில்லி அப்படிப்பட்ட ஊர் இல்லை. இங்கே பாதி வேலையை அக்டோபரும் நவம்பரும் சம்பளமில்லாமல் செய்துகொடுக்கின்றன. அது தெரியாமல்தான் எறிகிறோம்.

பரிசாக வருபவை பெரும்பாலும் ஃபலனாப்சிஸ் இனத்தின் கலப்பு வகைகள். அவற்றின் மூதாதையர் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, தைவான் காடுகளில் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வாழ்ந்தவை. மரத்தை உறிஞ்சுவதில்லை; மழையையும் காற்றின் ஈரத்தையும் நம்பி வாழும் தொற்றுச் செடிகள். ஒரு பருவம் பூத்து மடியும் இனமும் அல்ல. ஒழுங்காக வைத்துக்கொண்டால் பல ஆண்டுகள் இருக்கும், ஆண்டுதோறும் பூக்கும்.

பூப்பதற்கு இந்தச் செடி எதிர்பார்ப்பது குளிர்ச்சியை. வெப்பம் 28 டிகிரிக்கு மேலேயே நின்றால் இலைமேல் இலையாக விடுமே ஒழிய, பூந்தண்டு விடாது. 26 டிகிரிக்குக் கீழே இறங்கி நான்கைந்து வாரம் அப்படியே நீடித்தால்தான் இலைக் கணுவில் உறங்கும் மொட்டு விழிக்கும். வணிகத்துக்கு வளர்ப்பவர்கள் இதற்காகவே குளிரூட்டிய கண்ணாடிக் கூடங்கள் கட்டியிருக்கிறார்கள். தைவானில் சீனப் புத்தாண்டுச் சந்தைக்குப் பூ வேண்டும் என்பதற்காகச் செடிகளைக் கோடையில் மலைமேல் ஏற்றி, குளிரவைத்துக் கீழே இறக்கும் வழக்கம்கூட உண்டு.

இப்போது நம் ஊரைப் பாருங்கள். அக்டோபர் கடைசியில் தில்லியின் பகல் 30 டிகிரிப் பக்கம், இரவு 17, 18. நவம்பர் நடுவில் பகல் 27, 28. இரவு 12, 13. வீட்டுக்குள் பகலில் இதைவிடச் சில டிகிரி குறைவு, இரவில் சில டிகிரி கூடுதல். ஆக, ஜன்னலோரத்தில் ஒரு மாதத்துக்கு மேலாக, அந்தக் குளிரூட்டிய கூடத்தின் வெப்பநிலை தானாக அமைந்துவிடுகிறது. சென்னையில் டிசம்பர், ஜனவரியிலும் பகல் 29 டிகிரியைத் தொடுகிறது. அங்கே இருக்கும் என் உறவினர்கள் ஏ.சி. அறையில் வைத்துக் கெஞ்சிக் கூத்தாட வேண்டியிருப்பதை, தில்லிக்காரர் பால்கனிக் கதவைத் திறந்துவைத்தே சாதித்துவிடலாம். ஆனால் நம்மவர்கள் செய்வது நேர்மாறு. குளிர் வந்தால் செடி தாங்காது என்று அக்டோபரிலேயே உள்ளே கொண்டுபோய், ஜன்னல் இல்லாத ஹாலின் நடு மேசையில் வைத்துவிடுகிறார்கள்.

இந்தப் பயம் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆர்க்கிட் பைத்தியம் தலைக்கேறியிருந்த காலத்தில், வெப்பமண்டலச் செடி என்றால் கொதிக்கும் வெப்பமும் நீராவியும்தான் என்று நம்பி, அடைத்த கண்ணாடி வீடுகளில் போட்டு ஏராளமான செடிகளைக் கொன்றார்கள். அவற்றில் பல, குளிர்ந்த மலைச் சரிவுகளிலிருந்து வந்தவை என்பதை உணர வெகுகாலம் ஆயிற்று. கண்ணாடி வீட்டை எட்டாமல் போனவையும் கணக்கில்லை. தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1850இல் இன்றைய மேகாலயாவின் காசி மலைகளில் நீல வாண்டா ஆர்க்கிடை ஏழு ஆள் சுமையாகச் சேகரித்து லண்டனின் கியூ தோட்டத்துக்கு அனுப்பினார்; மிகச் சிலவே உயிரோடு போய்ச் சேர்ந்தன என்று அவரே எழுதியிருக்கிறார்.

சரி, தில்லியில் குளிர்ச்சி தானாக அமையும் அந்த ஒரு மாதம் என்ன செய்வது? தசராவுக்குப் பிறகு செடியைக் கிழக்குப் பார்த்த பால்கனியிலோ ஜன்னலிலோ வையுங்கள். காலை எட்டரை மணி வரை வெயில் படலாம். அதற்கு மேல் வெளிச்சம் போதும், நேர்வெயில் வேண்டாம். பூக்காத ஆர்க்கிட்களில் பெரும்பாலானவை வெளிச்சம் போதாமல்தான் பூக்காமல் இருக்கின்றன. இலையே அதைச் சொல்லும். கரும்பச்சையாக, பார்க்கச் செழிப்பாக இருந்தால் இருட்டில் இருக்கிறது என்று பொருள். கொஞ்சம் வெளிறிய புல்பச்சைதான் சரியான நிறம். ஓரத்தில் செம்மை படர்ந்தால் வெயில் கூடிவிட்டது.

தீபாவளி இரவு மட்டும் தவறாமல் உள்ளே எடுத்துவிடுங்கள். எது எரிந்தாலும் அந்தப் புகையில் எத்திலீன் என்ற வாயு இருக்கும். பழத்தைப் பழுக்கவைக்கும் அதே வாயு பூவை முதுமையடையச் செய்யும், மொட்டை மலராமலே உதிர்க்கும். பட்டாசுப் புகையும், அதை ஒட்டி வரும் புகைமூட்டமும் கனமாக இருக்கும் நாட்களில் கதவைச் சாத்தி, சூடேற்றாத அறையின் ஜன்னலருகே செடியை வைத்தால் போதும். அங்கேயே வேண்டிய குளிர்ச்சி கிடைக்கும். சாப்பாட்டு மேசைப் பழக்கூடைக்குப் பக்கத்தில் மொட்டுவிட்ட ஆர்க்கிடை வைப்பதும் இதே காரணத்துக்காகக் கூடாது. பூஜை அறை ஊதுபத்திக்கும் இது பொருந்தும். அந்த மாதங்களில் இலையில் படியும் தூசியை ஈரப் பருத்தித் துணியால் வாரம் ஒருமுறை துடையுங்கள். வானமே மங்கியிருக்கும்போது வருகிற கொஞ்ச வெளிச்சத்தையும் தூசி மறைக்கக் கூடாது.

நவம்பரில் எனக்கு வாட்ஸ்அப்பில் படங்கள் வரத் தொடங்கும். “அக்கா, இது பூந்தண்டா, வேரா?” இலைக்கும் அடித்தண்டுக்கும் இடையிலிருந்து ஏதோ பச்சையாக எட்டிப்பார்க்கும். ஒரு சென்டிமீட்டர் நீளும் வரை இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் குழப்பும். பிறகு தெளிவாகிவிடும். வேரின் நுனி உருண்டையாக, வழவழவென்று ஒரே நிறத்தில் இருக்கும். நீள நீளப் பின்பகுதி வெள்ளிச் சாம்பலாக மாறும். பூந்தண்டின் நுனி சற்றுத் தட்டையானது. பெருவிரல் மட்டும் தனியே பிரிந்த குழந்தையின் கம்பளிக் கையுறை போல ஒரு பக்கம் சிறு மடிப்பு தெரியும். பெரும்பாலும் அது மேல்நோக்கி ஏறும். அதைக் கண்ட நாளிலிருந்து தொட்டியைத் திருப்பக் கூடாது. வெளிச்சம் வரும் பக்கத்தைப் பார்த்தே தண்டு வளரும். திருப்பினால் தண்டும் கோணும், பூக்களும் ஆளுக்கொரு திசை பார்க்கும். தண்டு தெரிந்து பூ மலர இரண்டு முதல் மூன்று மாதம். நவம்பரில் எட்டிப்பார்த்தது பிப்ரவரியில் மலரும். தில்லி முழுவதும் பூப்பூவாக இருக்கும் மாதம் அது.

நவம்பர் நடுவுக்குப் பிறகு இரவுகளில் வெளியே விடக் கூடாது. 10 டிகிரிக்குக் கீழே போனால் இலையில் குழிகுழியாகக் காயம் விழும். ஜனவரியில் நம் வீடுகளின் உள்ளே 14, 15 டிகிரி இருக்கும். தாங்கிக்கொள்ளும், வளர்ச்சிதான் மெதுவாகும். குளிரைவிட எனக்குப் பயம் ஹீட்டரைப் பற்றித்தான். சூடான வறண்ட காற்று நேராக அடித்தால் கனிந்து நிற்கும் மொட்டு ஒரே இரவில் மஞ்சளாகிவிடும்.

இனி தண்ணீர். தில்லியில் ஆர்க்கிடைக் கொல்வது வெயிலைவிடத் தண்ணீர்தான். அளவும் கெடுக்கும், தரமும் கெடுக்கும். பல குடியிருப்புகளில் நிலத்தடி நீர் உப்புக் கரைசலாகத்தான் வருகிறது. அதற்காக எல்லோர் வீட்டிலும் ஆர்.ஓ. இருக்கிறது. நல்ல நீரைக் குடித்துவிட்டு, இயந்திரம் கழிக்கும் நீரை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறோம். துடைப்பதற்கும் கழுவுவதற்கும் அது நல்ல சிக்கனம், ஆர்க்கிடுக்கு விஷம். குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தானே சேர்ந்திருக்கிறது! வேர்நுனி கருகிப்போகும். ஆர்க்கிடுக்குக் கொடுக்க வேண்டியது வடிகட்டிய நீரைத்தான். கோடையில் ஏ.சி. குழாயிலிருந்து சொட்டும் நீரும், ஜூலை, ஆகஸ்டில் மொட்டைமாடியில் பிடித்த மழைநீரும் அருமையானவை.

எப்போது ஊற்றுவது? நாளை எண்ணாதீர்கள், வேரைப் பாருங்கள். ஆர்க்கிட் வேரைச் சுற்றி வெலாமன் என்ற பஞ்சுபோன்ற உறை உண்டு. தமிழ்நாட்டில் பள்ளியில் தாவரவியல் படித்தவர்களுக்கு வாண்டா வேரின் குறுக்குவெட்டுப் படம் நினைவிருக்கும். அதில் வெளியே வரைந்த அந்த அடுக்குதான். ஈரமாக இருக்கும்போது வேர் பச்சையாகத் தெரியும், உலர்ந்ததும் வெள்ளிநிறமாகும். வெள்ளிநிறமானபின் ஊற்றினால் போதும். கோடையில் மூன்று நாளுக்கு ஒருமுறை, குளிரில் பத்து நாளுக்கு ஒருமுறை என்று அது தானே ஒரு கணக்குக்கு வந்துவிடும். காலையில் ஊற்றுங்கள். இலைகளின் நடுக் குருத்தில் நீர் தேங்கினால் காகிதத்தால் ஒற்றி எடுத்துவிடுங்கள். இந்தச் செடிக்கு வளரும் முனை ஒன்றே ஒன்று. குருத்து அழுகினால் பெரும்பாலும் கதை முடிந்தது. தில்லியின் மழைக்காலப் புழுக்கத்தில் இது அடிக்கடி நடக்கும். மின்விசிறிக் காற்று பட்டால் தப்பிக்கும்.

பரிசுத் தொட்டியின் அழகே செடிக்கு ஆபத்து. பீங்கானுக்கு அடியில் பெரும்பாலும் துளை இருக்காது. உள்ளே ஸ்பாக்னம் பாசியை இறுக்கி அடைத்த பிளாஸ்டிக் கோப்பை. மேலே காய்ந்தும் நடுவில் சொதசொதவென்றும் இருக்கும் அந்தப் பாசிக்குள் வேர் மூச்சுமுட்டி அழுகும். பூ முடிந்ததும் மார்ச்சுக்குள் பிரித்தெடுங்கள். பழுப்பாக, அழுத்தினால் கூழாகும் வேர்களை வெட்டிவிட்டு, மரப்பட்டைத் துண்டும் அடுப்புக்கரியும் கலந்து, பக்கமெல்லாம் துளையுள்ள தொட்டியில் வையுங்கள். தேங்காய் மட்டைத் துண்டும் ஆகும், நன்றாக ஊறவைத்துக் கழுவிய பிறகு. மண் மட்டும் வேண்டவே வேண்டாம். பல மாலிகள் அக்கறையோடு தோட்டமண்ணும் எருவும் போட்டு நட்டுக் கொடுத்துவிடுவார்கள். கூடவே நிற்பது நல்லது. உரம், வளரும் மாதங்களில் 19:19:19 என்ற கலப்புரம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

காய்ந்த தண்டை எங்கே வெட்டுவது என்பதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. கீழிருந்து இரண்டாவது, மூன்றாவது கணுவுக்கு மேலே வெட்டினால் அங்கிருந்து கிளைத்து மறுபடி பூக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஏப்ரலில் அப்படி வெட்டினால் கிளை வருவது மே, ஜூனில். வெளியே லூ என்ற அனல்காற்று வீசும், 45 டிகிரி கொதிக்கும். அந்த நேரத்தில் செடியைப் பூக்கச் சொல்வது கொடுமை. அடியோடு வெட்டிவிடுங்கள். கோடையைக் கூலர் இருக்கும் அறையில் கழிக்கட்டும். ஏர் கூலரின் ஈரக்காற்று நமக்குக் கசகசக்கும், ஆர்க்கிடுக்குச் சுகம். ஜூன் கடைசியில் மழை வந்ததும் புது இலை தள்ளும். அந்த இலையின் பலம்தான் அடுத்த நவம்பரின் பூந்தண்டு.

எல்லா ஆர்க்கிடுக்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது. மலைப் பகுதிகளிலிருந்து வரும் சிம்பிடியம் கண்ணைப் பறிக்கும். ஆனால் பூவெடுக்க அதற்குக் கோடையின் பிற்பகுதியிலேயே குளிர்ந்த இரவு வேண்டும். தில்லியின் கோடை இரவில் அது கிடைக்காது. மலை ஊரில் சொந்தக்காரர் இருந்தால் கொடுத்துவிடுங்கள். காட்டுச் செடி என்று வழியோரத்தில் மூட்டையாக விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் கணக்குப்படி நம் நாட்டில் 1,256 ஆர்க்கிட் வகைகள்; அவற்றில் 388 வேறெங்கும் இல்லாதவை. ஹூக்கர் சுமை சுமையாக எடுத்த நீல வாண்டாவை இன்று 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. அப்படிப்பட்ட வகைகளைப் பார்க்க ஆசைப்பட்டால் நம் ஏற்காட்டிலேயே அந்த ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது.

இரண்டாவதாக ஒரு ஆர்க்கிட் வாங்குவதென்றால் நர்சரியில் பெருக்கிய டென்ட்ரோபியம் நோபிலியைச் சொல்வேன். சிக்கிமின் மாநிலப் பூ. தில்லிக் குளிரை உள்ளே கொண்டுபோகாமலே ஏறக்குறைய முழுவதும் தாங்கும். வெப்பம் 5 டிகிரிக்குப் போகும் இரவுகளில் மட்டும் எடுத்துவைத்தால் போதும். இதற்கு நவம்பரிலிருந்து உரத்தை அடியோடு நிறுத்தி, தண்ணீரையும் ஏறக்குறைய நிறுத்திவிட வேண்டும். இலை பழுத்து உதிரும், தண்டு லேசாகச் சுருங்கும். பார்க்கப் பொறுக்காது, ஊற்றத் தோன்றும். ஊற்றினால் பூவுக்குப் பதில் கணுக்களில் குட்டிச் செடிகள்தான் முளைக்கும். தண்டு மிகவும் வற்றினால் மட்டும் லேசாகத் தெளியுங்கள். வெறும் குச்சியாக நிற்கும் தண்டின் கணுக்களில் மொட்டுகள் உருண்டு திரண்டபின் பழையபடி தண்ணீர் கொடுக்கத் தொடங்கலாம்.