இரும்புப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு செய்தி

வீட்டில் பழைய டிரான்சிஸ்டர் இருக்கிறதா? மத்திய அலையில் அதைப் பாடவிட்டு, பெரிய எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்து இறுக மூடுங்கள். பாட்டு மறைந்து, வெறும் இரைச்சல்தான் மெல்லக் கேட்கும். மூடியைத் திறந்தால் பாட்டு மீண்டும் வரும்.

இதே தொல்லை இன்று மின்சார மீட்டருக்கும் வந்துள்ளது. நம் வீடுகளில் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை ஊழியர் வந்து மீட்டரைப் பார்த்துக் குறிப்பதே வழக்கம். ஸ்மார்ட் மீட்டரோ 15 அல்லது 30 நிமிடங்களுக்கு ஒருமுறை கணக்கைப் பதிவு செய்து, கம்பியில்லாமல் அனுப்புகிறது. சென்னை தியாகராய நகரில் இத்தகைய மீட்டர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் பொருத்தப்பட்டன. அங்கே நெருக்கமான அடுக்குமாடிகள். 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையிலோ தகரக் கூரைகளும் இரும்பு இயந்திரங்களும். மீட்டர் குடியிருப்பதும் பெரும்பாலும் இரும்புப் பெட்டிக்குள்தான்!

ரேடியோ அலை செங்கல் சுவரைக் கடந்துவிடும். 1895-இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் சுவருக்கு அப்பாலிருந்த மணியை அலைகளால் ஒலிக்கச் செய்தார். உலோகத்தில் கதை வேறு. அலை பட்டதும் அதிலுள்ள எலெக்ட்ரான்கள் அசைந்து, அலையைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. ஆகவே ஏரியலைப் பெட்டிக்கு வெளியே வைப்பது முதல் வைத்தியம்.

அடுத்தது தூரம். திறந்த வெளியில் தூரம் 2 மடங்கானால் கிடைக்கும் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகும். 4 மடங்கானால் பதினாறில் ஒரு பங்கு. 400 மீட்டர் தூரத்தை ஒரே தாவலில் கடக்க 16 பங்கு திறன் வேண்டுமென்றால், 100 மீட்டர் தாவல் ஒன்றுக்கு 1 பங்கு போதும். நான்கு தாவலுக்கும் சேர்த்து 4 பங்குதான்! இதனால்தான் மீட்டர்கள் செய்தியைக் கைமாற்றிக்கொள்ளும் வலைப்பின்னல் முறை உருவானது. ஒரு வழி அடைபட்டால் வேறு வழி இருக்கும்.

எல்லா மீட்டர்களும் ஒரே நேரத்தில் பேசினால்? ஆவடி ரயில் நிலையக் கூட்டத்தில் எல்லோரும் ஒன்றாகக் கத்துவது போலத்தான், எதுவும் புரியாது. ஆகவே பல கருவிகள் முதலில் காது கொடுத்துக் கேட்கும், அமைதியானால் பேசும், பதில் வராவிட்டால் சற்றுப் பொறுத்து மீண்டும் சொல்லும். இதில் சில விநாடிகள் தாமதமாகலாம். மின்கட்டணக் கணக்குக்கு அதனால் பாதகமில்லை.

எல்லாவற்றுக்கும் இந்தத் தாமதம் பொருந்துமா? மாடியில் சூரியப் பலகை உள்ள வீடு பகலில் தெருக் கம்பிக்கே மின்சாரம் தருகிறது. கம்பி அறுந்து, துணைமின் நிலையம் மின்சாரத்தை நிறுத்திவிட்டது என்று வையுங்கள். லைன்மேன் கம்பத்தில் ஏறுகிறார். அப்போது ஒரு வீட்டுப் பலகை மின்சாரத்தை அனுப்பிக்கொண்டே இருந்தால் அவர் உயிர் என்னாவது? "நிறுத்து" என்ற கட்டளை எந்தத் தகரக் கூரையில் மோதித் தொலைந்ததோ!

எனவே பொறியியலாளர்கள் இந்தப் பொறுப்பைக் கம்பியில்லாத் தொடர்பிடம் விடவில்லை. வீட்டிலுள்ள இன்வெர்ட்டர் கம்பியின் மின்னழுத்தத்தையும் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணையும் தானே இடைவிடாமல் அளக்கிறது. அவை பிறழ்ந்தால், யாருடைய கட்டளைக்கும் காத்திராமல் 2 விநாடிகளுக்குள் விலகிக்கொள்ள வேண்டும் என்பது விதி.

எந்தச் செய்தி தாமதிக்கலாம், எது தாமதிக்கவே கூடாது என்று பிரித்தறிவதும் விஞ்ஞானமே. உங்கள் வீட்டுக் கருவிகளை இப்படி இரு பட்டியலாக எழுதிப் பாருங்களேன்!