ஆடும் முள்: குறை மானியிலா, இன்ஜினிலா?

பழைய காரின் முகப்புப் பலகையில் நாம் அடிக்கடி பார்ப்பது வேகமானியைத்தான். இன்ஜினின் ஆயுளைச் சொல்லும் எண்ணெய் அழுத்தமானி, அதாவது பட்டறைகளில் 'ஆயில் மீட்டர்' எனப்படுவது, அதன் பக்கத்தில் ஒடுங்கிக் கிடக்கும். அதன் முள் ஒருநாள் நிலைகொள்ளாமல் ஆடத் தொடங்கும்போதுதான் அப்படியொன்று இருப்பதே நினைவுக்கு வருகிறது. அந்த நேரத்தில் இரண்டு விதமாக நாம் பணத்தை இழக்கலாம். மானி பொய் சொல்கிறது என்று அலட்சியமாக ஓட்டி, பேரிங்குகள் கருகி, இன்ஜின் இறுகிவிடுவது ஒன்று. சில நூறு ரூபாய் மதிப்புள்ள உணரி பழுதானதற்காக, நன்றாக உள்ள இன்ஜினைப் பிரித்துப் போடுவது மற்றொன்று. இரண்டாவது இழப்பும் பட்டறைகளில் அரிதன்று.

எனவே முதலில் ஒரு விதி. ஓடிக்கொண்டிருக்கையில் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால், உண்மையா பொய்யா என்று யோசித்துக்கொண்டே அடுத்த ஊர்வரை செல்லக் கூடாது. வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்த வேண்டும். சில நிமிடங்கள் பொறுத்து, சமதரையில் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மீண்டும் விட்டுப் பார்க்க வேண்டும். எண்ணெய் குறைந்திருந்தால், வளைவில் திரும்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் சம்பில் உள்ள எண்ணெய் ஒருபுறம் ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்சும். திருப்பங்களில் மட்டும் முள் தாழ்வதற்கு மிக எளிய காரணம் இதுவே.

அளவைப் பார்க்கும்போதே எண்ணெயின் நிறத்தையும் மணத்தையும் கவனிக்கலாம். பாலாடைபோல் வெளுத்திருந்தால் குளிர்விப்பு நீர் கலந்திருக்கலாம். அளவு கூடியும் பெட்ரோல் வாடை வீசியும் இருந்தால், இயந்திர வகைப் பெட்ரோல் பம்பின் சவ்வு கிழிந்து பெட்ரோல் சம்புக்குள் இறங்கியிருக்கக்கூடும். நீர்த்துப்போன எண்ணெயால் அழுத்தம் நிற்காது. அத்தகைய வண்டியை மேலும் ஓட்டுவது தீ விபத்துக்கும் வழி.

அளவும் தன்மையும் சரியாக இருந்தால், நம் வண்டியில் உள்ளது எவ்வகை மானி என்று அறிய வேண்டும். 1849ஆம் ஆண்டில் பிரான்சின் யூஜீன் பூர்தோன் காப்புரிமை பெற்ற வளைகுழாய்த் தத்துவத்தில் இயங்குவது ஒரு வகை. இன்ஜினிலிருந்து மெல்லிய குழாய்வழி எண்ணெயே மானிவரை வருகிறது. அழுத்தம் ஏறும்போது வளைகுழாய் நிமிர முயன்று முள்ளை நகர்த்துகிறது. இதில் முள் நடுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கிறதா, குழாய் மடிந்திருக்கிறதா, இணைப்புகள் கசிகின்றனவா என்று பார்க்க வேண்டும். குழாய் பிளாஸ்டிக்காலானது என்றால் தயங்காமல் மாற்றிவிடுவது நல்லது. அது வெடித்தால் கொதிக்கும் எண்ணெய் ஓட்டுநரின் கால்மீதே கொட்டும்.

மற்றொரு வகை மின்சாரத்தில் இயங்குவது. இன்ஜினில் திருகப்பட்ட உணரி அழுத்தத்துக்கேற்ப மின்தடையை மாற்ற, ஒற்றைக் கம்பிவழி முள் அசைகிறது. முகப்பு விளக்கைப் போட்டதும் முள் சரிகிறதா? இண்டிகேட்டரின் துடிப்போடு சேர்ந்து ஆடுகிறதா? எண்ணெய்க்கும் இண்டிகேட்டருக்கும் என்ன தொடர்பு? குறை எர்த் இணைப்பில்தான். பெட்ரோல் மானி, வெப்பமானி ஆகியவற்றின் முட்களும் கூடவே ஏறி இறங்கினால், பிரிட்டிஷ் வழிவந்த கார்களில் மானிகளுக்குப் பொதுவாக உள்ள மின்னழுத்தச் சீராக்கியைச் சந்தேகிக்கலாம். இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஒற்றைக் கம்பி உணரி தன் உடல்வழியாகவே எர்த் பெறுகிறது. கசிவுக்குப் பயந்து அதன் மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றிவிட்டால் அந்த எர்த் அறுபட்டு, புதிய உணரியும் பொய் சொல்லத் தொடங்கும்.

இவ்வளவுக்கும் பிறகு ஐயம் தீர்க்க ஒரே வழி, உணரியைக் கழற்றி, அதே துளையில் பட்டறையின் சோதனை மானியைப் பொருத்திப் பார்ப்பது. மரையின் அளவு வண்டிக்கு வண்டி மாறுபடும். பொருந்தாததை அழுத்தித் திருகினால் இன்ஜின் பிளாக் கெட்டுவிடும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒரு முறையும், அரைமணி நேரம் ஓட்டிச் சூடேறிய பின் ஐடிலிங்கில் ஒரு முறையும், 2000 சுற்றில் ஒரு முறையும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். வண்டிக்குரிய கையேட்டின் அளவே இறுதியானது. கையேடு கிட்டாதபோது, சூடான இன்ஜினில் 1000 சுற்றுக்கு ஏறத்தாழ 10 பி.எஸ்.ஐ. என்ற பழைய வழக்கைத் துணைக்கொள்ளலாம். குளிரில் உயர்ந்தும் சூட்டில் தாழ்ந்தும் நிற்பது இயல்பே. எண்ணெய் இளகுவதால் வரும் மாற்றத்தை நோய் என்று கருதத் தேவையில்லை.

சோதனை மானியும் குறைவாகவே காட்டினால் மானி நிரபராதி. அப்போதும் உடனே இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்க வேண்டாம். பம்ப் தருவது ஓட்டத்தை மட்டுமே. பேரிங்குக்கும் கிராங்க் ஷாஃப்டுக்கும் இடையிலுள்ள, மில்லிமீட்டரில் நூறில் சில பங்கேயான இடுக்கு அந்த ஓட்டத்தைத் தடுப்பதால்தான் அழுத்தம் பிறக்கிறது. தேய்மானத்தால் இடுக்கு அகன்றால் அழுத்தம் குறையும். ஆனால் அளவு மீறும் அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வில் ஒரு துணுக்கு அழுக்கு சிக்கி, வால்வு திறந்தே நின்றாலும் இதே குறிதான் தோன்றும். ஒரு நேரம் சரியாகவும் மறு நேரம் தாழ்ந்தும் காட்டும் இன்ஜினில் நாம் முதலில் பார்க்க வேண்டியது இதையே. அம்பாசடரின் பழைய 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினில் இவ்வால்வு வெளியிலேயே, குமிழ்த் தலை நட்டுக்குள் இருக்கிறது. கழற்றி, சுத்தம் செய்து, சுருள்வில் சோர்ந்திருந்தால் மாற்றுவது சிறு வேலை. அடுத்து சம்பைக் கழற்றி, பம்பின் வலைவடி அடைபட்டுள்ளதா எனப் பார்க்கலாம். தேய்ந்த பேரிங் உலோகம் மின்னும் பொடியாகச் சம்பின் அடியில் படிந்திருந்தால், அப்போதுதான் பெரிய செலவுக்கு மனத்தைத் தயார்செய்ய வேண்டும்.

உதிரிபாகங்கள் கொல்கத்தாவின் மல்லிக் பஜார், தில்லியின் காஷ்மீரி கேட், சென்னையின் புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் தேடினால் கிடைக்கக்கூடும். உணரியை வாங்கும்போது அது மானியோடு இணைசேர்வதா என்று கேட்டுப் பெற வேண்டும். மின்தடை பொருந்தாத இணை, புத்தம் புதிதாயினும் தவறாகவே காட்டும்.

வழக்கமான மோட்டார் காப்பீட்டில் தேய்மானமும் இயந்திரப் பழுதும் விலக்கப்பட்டவை. எண்ணெயின்றி இறுகிய இன்ஜினுக்கு அதில் இழப்பீடு கோர இயலாது. பழைய காரை விலைக்கு வாங்க நினைப்பவர்கள் குளிர்ந்த இன்ஜினின் நிமிர்ந்த முள்ளைக் கண்டு மயங்காமல், அரைமணி நேரம் ஓட்டியபின் ஐடிலிங்கில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டே விலை பேசலாம். ஓட்டிப் பார்க்க விடாத விற்பனையாளரிடம் முன்பணம் கொடுக்கத் தேவையில்லை.