மான் வேட்டைக்கு உரிமம் உண்டா? கொம்பை விலைக்கு வாங்கலாமா?

கொச்சி: பழம்பொருள் கடைகளுக்குப் பெயர்பெற்ற மட்டாஞ்சேரிக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகள் பலரின் நாடுகளில், மான் வேட்டைக்குப் பருவமும் உரிமமும் உண்டு. இந்தியாவில் இரண்டும் இல்லை.

முன்பு இருந்தன. நீலகிரியில் வேட்டையை ஒழுங்குபடுத்த 1879-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்தது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் தொடக்கத்தில் புள்ளிமான், கடமான் வேட்டைக்கு உரிமம் வழங்க இடமளித்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த உரிமங்களை அடியோடு நீக்கியது.

இன்று எஞ்சியிருக்கும் விலக்குகள் மிகக் குறுகியவை: உயிரைக் காக்கும் தற்காப்பு, அல்லது வன உயிரின அதிகாரிகளின் எழுத்துமூல உத்தரவு. தற்காப்புக்காகக் கொல்லப்பட்ட மானும் அரசின் உடைமையே. கேரளத்தில் காட்டுப்பன்றியைச் சுட உள்ளாட்சித் தலைவர்கள் உத்தரவிடும் ஏற்பாடு, மானுக்குப் பொருந்தாது. சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைக்கும்.

பலர் கவனிக்கத் தவறுவது கொம்பைத்தான். துப்பாக்கியையே தொடாதவரும் இதில் சிக்கலாம். விலங்கின் தோல், பல், நகம் ஆகியவற்றோடு மான்கொம்பையும் சட்டம் ஒரே வரையறைக்குள் வைத்துள்ளது. விற்பனைக்குச் சட்டப்படி அதிகாரம் பெறாதவரிடம் அதை வாங்குவது குற்றம். விற்றவரோடு வாங்கியவரும் வழக்கைச் சந்திக்க நேரிடும். தாத்தா காலத்துக் கொம்பு என்று கடைக்காரர் கூறும் விளக்கம் மட்டும் வாங்குபவரைக் காப்பாற்றாது.